தையல் இயந்திரக் கடையில் விற்ற இசைத்தட்டு



நம் தோட்டப்புற வீடுகளில் ஒரு காலத்தில் தவறாமல் காணக்கூடிய பொருள்கள் சில இருந்தன. சாமி படம், சுவரில் நாள்காட்டி, சன்னல் ஓரத்தில் ஒரு சிங்கர் தையல் மிஷின். எல்லார் வீட்டிலும் இல்லாவிட்டாலும் லயத்துக்கு ஒன்றாவது இருக்கும். மாதத் தவணை கட்டி வாங்கியதாக இருக்கும். தீபாவளி நெருங்கிவிட்டால் இரவு வெகுநேரம் வரை அதன் ஓசை கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சிங்கர் நிறுவனம் 1968-ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்காவிலுள்ள தன் கடைகளில், தையல் இயந்திரத்தோடு ஓர் இசைத்தட்டையும் வைத்து விற்றது. வேறு எந்த இசைத்தட்டுக் கடையிலும் அது கிடைக்காது. பாடியவர் எல்விஸ் பிரெஸ்லி.

தையல் இயந்திரத்திற்கும் பாட்டுக்கும் என்ன உறவு என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? உறவு இதுதான். அவ்வாண்டு டிசம்பர் 3-ஆம் நாள் அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் எல்விஸின் தனி நிகழ்ச்சி ஒன்று ஒரு மணி நேரம் ஒளியேறியது. அதற்கு விளம்பரதாரராகப் பணம் போட்டது சிங்கர் நிறுவனம். அந்த நிகழ்ச்சியையும், அதன் பாட்டுகள் அடங்கிய இசைத்தட்டையும் பற்றித்தான் இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கிறோம். பாட்டு நன்றாக இருந்தது என்று சொல்லி முடிப்பதற்காக அல்ல. தன் தொழிலில் கைதேர்ந்த ஒருவர், தன் தொழிலையே மறக்கும் நிலைக்கு வந்து, பிறகு ஒருமுறை அதை எப்படி மீட்டுக்கொண்டார் என்பது அதனுள் இருக்கிறது. மீட்டதில் அவருக்கு எவ்வளவு மிஞ்சியது என்பதும் இருக்கிறது.

எல்விஸ் பிரெஸ்லி பஞ்சு விளையும் பூமியில் பிறந்தவர். நமக்குப் பால்மரம் எப்படியோ அப்படி மிசிசிப்பி மாநிலத்து ஏழைகளுக்குப் பருத்தி. அங்குள்ள தூப்பலோ என்ற சிற்றூரில், 1935 ஜனவரி 8-ஆம் நாள், இரண்டே அறை கொண்ட மரவீட்டில் பிறந்தார். கூடப் பிறந்த இரட்டைக் குழந்தை இறந்தே பிறந்தது. அந்த வீட்டையும் தந்தை தம் முதலாளியிடம் 180 டாலர் கடன் வாங்கித்தான் கட்டியிருந்தார். மகனுக்கு மூன்று வயதாகும்போது தந்தை காசோலை ஒன்றைத் திருத்திய குற்றத்திற்காகச் சிறை சென்றார். வீடும் கைவிட்டுப் போயிற்று. மகனின் பதினொன்றாவது பிறந்தநாளையொட்டித் தாய் ஒரு கித்தார் வாங்கிக் கொடுத்தார். மகன் கேட்டது வேறு ஏதோ என்று சொல்வார்கள்!

1948-இல் குடும்பம் மெம்பிஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. பள்ளிப்படிப்பு முடிந்ததும் எல்விஸ் லாரி ஓட்டினார். 1954 ஜூலை மாதம் அங்குள்ள ஒரு சிறிய ஒலிப்பதிவு நிலையத்தில் அவர் பாடிய பாட்டுதான் அவரை உலகத்துக்குக் காட்டியது. 'தட்ஸ் ஆல் ரைட்' என்பது அதன் பெயர். அந்தப் பாட்டை எழுதி முதலில் பாடியவர் ஆர்தர் குருடப் என்ற கறுப்பினப் பாடகர். அவரும் மிசிசிப்பிக்காரர்தான், பண்ணை வேலையிலும் கூலி வேலையிலும் உழன்றவர். அந்தப் பாட்டு உலகமெல்லாம் ஒலித்தும் அதற்குரிய உரிமைத்தொகை அவர் கைக்கு ஒழுங்காக வந்து சேரவில்லை. 1974-இல் ஏழையாகவே மறைந்தார். இதை இங்கே சொல்லாமல் போவது நியாயமாகாது. எல்விஸுக்குப் பின்னாளில் நேர்ந்ததைக் கேட்டு இரக்கப்படப்போகும் நாம், அவருக்கு முன்னால் இன்னொருவர் இதைவிட மோசமாக ஏமாந்து நின்றார் என்பதையும் நினைவில் வைப்போம்.

புகழ் வந்தது, பணம் வந்தது, கூடவே ஒரு மானேஜரும் வந்தார். மானேஜர் என்றதும் நம் தோட்டத்துத் துரையை நினைத்துக்கொள்ள வேண்டாம். பாடகருக்காக ஒப்பந்தம் பேசி, அதில் தம் பங்கை எடுத்துக்கொள்பவர். கர்னல் டாம் பார்க்கர் என்று அவரை அழைத்தார்கள். பட்டாளத்தில் பெற்ற பட்டமல்ல அது. ஒரு மாநில ஆளுநர் மரியாதைக்காகக் கொடுத்தது. பொருட்காட்சிகளில் கூட்டம் சேர்த்துப் பிழைத்தவர். ஆள் கெட்டிக்காரர், அதில் ஐயமில்லை. லாரி ஓட்டிக்கொண்டிருந்த இளைஞரைக் கோடீசுவரர் ஆக்கியதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு.

ஆனால் அந்தக் கெட்டிக்காரத்தனம் போன வழியைப் பாருங்கள். 1960-இல் எல்விஸ் இராணுவச் சேவை முடிந்து திரும்பியதும், பார்க்கர் அவரைத் திரைப்பட ஒப்பந்தங்களில் கட்டிப்போட்டார். ஆண்டுக்கு மூன்று படங்கள்கூட வந்தன. எல்லாம் ஒரே மாதிரிக் கதை. கடற்கரை, மோட்டார் பந்தயம், நான்கு பெண்கள், பத்துப் பாட்டு. படத்துக்குப் பாட்டு, பாட்டை வைத்து இசைத்தட்டு, இசைத்தட்டை வைத்துப் படத்துக்கு விளம்பரம். செக்குமாடு சுற்றுவதுபோல் சுற்றியது. 1961 மார்ச் 25-ஆம் நாள் ஹவாய்த் தீவில் ஒரு நினைவுச் சின்னத்துக்கு நிதி திரட்டும் நிகழ்ச்சியில் மக்கள் முன் பாடியதுதான் கடைசி. அதன்பின் ஏழு ஆண்டுகள் மேடையே ஏறவில்லை. 1968-இல் வந்த 'ஸ்பீட்வே' என்ற படத்தின் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் 82-ஆம் இடத்துக்குமேல் ஏறவில்லை. பத்தாண்டுக்கு முன் முதலிடத்தைத் தவிர வேறிடம் அறியாதவருக்கு இந்தக் கதி! வயதோ முப்பத்து மூன்றுதான்.

அந்த நேரத்தில்தான் என்.பி.சி. நிறுவனத்தோடு பார்க்கர் பேசிமுடித்தார். ஒரு திரைப்படம், ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி. நிகழ்ச்சி கிறிஸ்துமஸ் மாதத்தில் வருவதால், பாடகர் கோட்டு அணிந்து நின்று கிறிஸ்துமஸ் பாட்டுகளை வரிசையாகப் பாடி, எல்லாருக்கும் வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனால் போதும் என்பது பார்க்கரின் திட்டம். செலவு குறைவு, ஆபத்து இல்லை, பண்டிகைக்குப் பண்டிகை தட்டும் விற்கும். வியாபாரக் கணக்குப்படி அது தப்பில்லைதான்.

இயக்குநராக அமர்த்தப்பட்டவர் ஸ்டீவ் பைண்டர் என்ற இளைஞர். இவரைப் பற்றி ஒரு செய்தி சொல்ல வேண்டும். அதே 1968-இல் இவர் இயக்கிய இன்னொரு நிகழ்ச்சியில், பெட்டுலா கிளார்க் என்ற வெள்ளைக்காரப் பாடகி, உடன் பாடிய ஹாரி பெலபாண்டே என்ற கறுப்பினப் பாடகரின் கையைப் பாட்டின் உணர்ச்சியில் தொட்டுவிட்டார். விளம்பரம் கொடுத்த மோட்டார் வண்டி நிறுவனத்தின் அதிகாரி அந்தக் காட்சி கூடாதென்று எதிர்த்தார். நிகழ்ச்சிக்காரர்கள் இணங்கவில்லை. கைபட்ட காட்சியே ஒளியேறியது. அப்படிப்பட்டவரிடம் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பட்டியலைக் கொடுத்தால் வாங்கிக்கொள்வாரா?

எல்விஸிடம் பைண்டர் ஒளிக்காமல் பேசினார். உங்கள் காலம் போய்விட்டதாக ஊர் நினைக்கிறது என்ற கருத்தை முகத்துக்கு நேரே சொன்னாராம். அதை மெய்ப்பிக்க, லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் பரபரப்பான வீதியொன்றில் எல்விஸை இறக்கி நிற்க வைத்ததாகவும், போகிற வருகிற இளைஞர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்றும் பைண்டர் பின்னாளில் பலமுறை கூறியிருக்கிறார். முன்பு தெருவில் இறங்கினால் சட்டையைக் கிழித்துக்கொண்டு போகும் கூட்டத்தைக் கண்ட மனிதர், அன்று வெறுமனே நின்றார்.

ஒத்திகை நடந்த நாள்களில் எல்விஸ் படப்பிடிப்பு நிலையத்தின் ஒப்பனை அறையிலேயே தங்கினார். மாலையில் வேலை முடிந்ததும் பழைய நண்பர்களோடு உட்கார்ந்து, கித்தாரை மடியில் வைத்துக்கொண்டு, பழைய பாட்டுகளைச் சும்மா பாடிக்கொண்டிருப்பார். இடையிடையே கேலி, சிரிப்பு. நிகழ்ச்சிக்காகப் பெரிய வாத்தியக் குழுவும் நடனக்காரர்களும் காத்திருக்க, உண்மையான பாட்டு இந்த மூடிய அறைக்குள் நடக்கிறதே என்று பைண்டர் கண்டுகொண்டார். அறைக்குள் காமிரா கொண்டுபோக பார்க்கர் விடவில்லை. அப்படியானால் அந்த அறையையே மேடைக்குக் கொண்டுவருவோம் என்று முடிவு செய்தார்கள்.

குத்துச்சண்டை மேடை போன்ற சிறிய சதுர மேடை. சுற்றிலும் கைக்கெட்டும் தூரத்தில் மக்கள். நடுவில் கறுப்புத் தோல் ஆடையில் எல்விஸ். பக்கத்தில், 1954-இல் முதல் பாட்டுக்குக் கித்தார் வாசித்த ஸ்காட்டி மூர். டி.ஜே. பாண்டானா என்ற முரசுக்காரரும் பழைய தோழர்தான். அவருக்கு முரசுகூட வைக்கவில்லை. கித்தார்ப் பெட்டியைக் கவிழ்த்து வைத்து அதன் முதுகில் தட்டினார். திருவிழாவில் உறுமி கிடைக்காவிட்டால் நம் பையன்கள் பிஸ்கட் தகரத்தில் தட்டுவதில்லையா, அது போலத்தான்.

1968 ஜூன் 27-ஆம் நாள் மாலை அந்தப் பதிவு. பார்வையாளர் சீட்டுகளைப் பார்க்கர் தாமே வாங்கி வைத்துக்கொண்டார். நேரமாகியும் கூட்டம் வரவில்லை. கடைசியில் நிலையத்து ஆள்கள் பக்கத்து உணவுக்கடைக்கு ஓடி, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களையெல்லாம் அழைத்துவந்து இருக்கைகளை நிரப்பினார்கள் என்கிறார் பைண்டர். உள்ளே எல்விஸ், என்னால் வெளியே போக முடியாது என்று தடுமாறிக்கொண்டிருந்தார். ஏழு ஆண்டு மேடை ஏறாதவர் அல்லவா? பாட்டு மறந்துவிடும், வாய் திறந்தால் குரல் வராது என்ற பயம். பைண்டர் ஒருவாறு தேற்றி அனுப்பினார். ஒலிவாங்கியைப் பிடிக்கும்போது கை நடுங்குவதைப் படச்சுருளில் இன்றும் காணலாம்.

முதல் பாட்டு முடிவதற்குள் நடுக்கம் போயிற்று. பிறகு அந்த ஆளை நிறுத்த முடியவில்லை. குரலில் அதுவரை படங்களில் கேட்ட வழவழப்பு இல்லை. கரகரப்பும் வெறியும் கலந்து, தொண்டையைக் கிழித்துக்கொண்டு வருகிறது. சில இடங்களில் சொல் தவறுகிறது. அதைச் சிரித்துக்கொண்டே தாண்டுகிறார். இசைத்தட்டிலும் அந்தச் சிரிப்பையும் பேச்சையும் வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். பிழை நீக்கிய தட்டுகள் எத்தனையோ கேட்டிருக்கிறோம். இந்தப் பிழைகள் இல்லாவிட்டால் இந்தத் தட்டுக்கு உயிர் இருக்காது என்பதே நம் எண்ணம். ஆடல் பாடலோடு வரும் மற்றப் பகுதிகள் அவ்வளவு சுகமில்லை. அந்தக் காலத்துத் தொலைக்காட்சி அலங்காரம், அவ்வளவுதான். பிளாசம்ஸ் என்ற கறுப்பினப் பெண்கள் மூவர் சேர்ந்து பாடும் பக்திப் பாட்டுப் பகுதி மட்டும் விதிவிலக்கு. நிகழ்ச்சியில் விலைமாதர் விடுதிக் காட்சி ஒன்றும் எடுக்கப்பட்டிருந்தது. அது ஒளியேறவில்லை. குடும்பப் பெண்களுக்குத் தையல் இயந்திரம் விற்கும் நிறுவனத்துக்கு அது பொருந்தாது என்று தோன்றியதில் வியப்பில்லை!

இனி முடிவுப் பாட்டுக்கு வருவோம். அதற்கு முன் மெம்பிஸ் நகருக்கு ஒரு நடை போய்வர வேண்டும்.

மெம்பிஸ் எல்விஸின் சொந்த ஊர். 1968 பிப்ரவரி முதல் நாள், அங்கே மழைக்கு ஒதுங்கிய இரண்டு துப்புரவுத் தொழிலாளர்கள் குப்பை வண்டியின் நசுக்கும் இயந்திரத்தில் சிக்கி மாண்டார்கள். இருவரும் கறுப்பினத்தவர். ஏறத்தாழ 1,300 துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கூலி உயர்வும், சங்கத்துக்கு அங்கீகாரமும் கேட்டார்கள். நானும் மனிதன் என்று எழுதிய அட்டையை ஏந்தி வீதியில் நடந்தார்கள். சங்கம் வைப்பதற்கே போராடிய வரலாறு நம் தோட்டப்புறத்துக்கும் உண்டு. ஆகையால் இதை விளக்க வேண்டியதில்லை. அவர்களுக்குத் துணைநிற்கவே மார்ட்டின் லூதர் கிங் மெம்பிஸுக்கு வந்தார். ஏப்ரல் 4-ஆம் நாள் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார். பன்னிரண்டு நாள் கழித்து நகராட்சி இறங்கிவந்தது. கூலியும் உயர்ந்தது, சங்கமும் ஏற்கப்பட்டது. ஜூன் மாதம் ஒத்திகை நடக்கும் வேளையில், அதே லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ராபர்ட் கென்னடியும் சுடப்பட்டு இறந்தார்.

தம் ஊரிலேயே கிங் கொல்லப்பட்டது எல்விஸின் மனத்தை அரித்தது. நிகழ்ச்சியின் முடிவுக்குப் பார்க்கர் கேட்டது ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு. பைண்டரோ, இந்த மனிதர் மனத்தில் இருப்பதை ஒரு பாட்டாக்கித் தா என்று ஏர்ல் பிரவுன் என்ற இசையமைப்பாளரைக் கேட்டுக்கொண்டார். ஓர் இரவில் பிறந்தது 'இஃப் ஐ கேன் டிரீம்'. மனிதர்கள் சகோதரராய் நடக்கும் நாள் ஒன்றைக் கனவு காணும் பாட்டு. கிங்கின் புகழ்பெற்ற உரையின் சாயல் அதில் தெளிவாகத் தெரியும். இது எல்விஸ் பாடுகிற வகைப் பாட்டல்ல என்றார் பார்க்கர். எல்விஸ் அதைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, பாடுகிறேன் என்றார்.

மானேஜருக்கு எதிரே நின்று சத்தம் போடவில்லை, சண்டை பிடிக்கவில்லை. ஒரே சொல்லில் முடித்துவிட்டார். பத்தாண்டுக்கு மேலாக அந்த மனிதர் நீட்டிய தாளிலெல்லாம் கையெழுத்துப் போட்டவருக்கு அந்த ஒரு சொல் எவ்வளவு கனத்திருக்கும் என்பதை, முதலாளியின் முன் நின்று பழகிய நம் பெரியவர்கள் அறிவார்கள்.

வெள்ளை உடையில், கையில் கித்தாரின்றி, தனியாக நின்று அதைப் பாடுகிறார். தட்டின் இரண்டாம் பக்கத்தில் கடைசிப் பாட்டு அதுதான். கிறிஸ்துமஸ் பாட்டு என்று நிகழ்ச்சியில் மிஞ்சியது ஒன்றே ஒன்று, 'புளூ கிறிஸ்துமஸ்'. அதையும் 1969-இல் மறு ஒளிபரப்பின்போது எடுத்துவிட்டு 'டைகர் மேன்' என்ற பாட்டைச் சேர்த்தார்கள். தையல் இயந்திரக் கடையில் விற்ற தட்டு என்று தொடக்கத்தில் சொன்னோமே, அதில் இந்த நிகழ்ச்சியிலிருந்து எடுத்துச் சேர்த்த ஒரே பாட்டும் இந்த 'டைகர் மேன்'தான். மற்றவற்றில் பெரும்பாலானவை படங்களுக்காகப் பாடியவை. அவற்றில் ஒன்றின் தலைப்புக்கு, அவள் ஓர் இயந்திரம் என்று பொருள். கடைக்குப் பொருத்தமான தலைப்பு!

நிகழ்ச்சியின் பெயரில் வந்த முழு இசைத்தட்டை ஆர்.சி.ஏ. நிறுவனம் 1968 நவம்பரில் வெளியிட்டது. 82-ஆம் இடத்தில் கிடந்தவர் எட்டாம் இடத்துக்கு ஏறினார். நிகழ்ச்சியை அன்று தொலைக்காட்சி பார்த்தவர்களில் நூற்றுக்கு 42 பேர் பார்த்ததாகக் கணக்கிட்டார்கள். அந்த வாரத்தில் முதலிடம் அதற்குத்தான். முடிவுப் பாட்டு தனித்தட்டாக 12-ஆம் இடம் வரை போயிற்று. எண்களைவிடப் பெரியது அடுத்து நடந்தது. 1969 தொடக்கத்தில் எல்விஸ் சொந்த ஊரான மெம்பிஸுக்கே போய், பதினான்கு ஆண்டுகளில் முதல் முறையாக அங்கே ஒலிப்பதிவு செய்தார். ஜூலை இறுதியில் மீண்டும் மக்கள் முன் மேடை ஏறினார். இறக்கும் வரை இறங்கவில்லை.

இத்தோடு நிறுத்தினால் நல்ல கதையாக இருக்கும். ஆனால் கணக்குப் புத்தகத்தையும் புரட்டிப் பார்க்க வேண்டும்.

நம் முப்பாட்டன்மார் காலத்தில் தலைக்காசு என்று ஒன்று இருந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆள் வேலைக்கு இறங்கிய நாளுக்கெல்லாம் தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குச் சேரும் காசு. பார்க்கரின் பங்கு அதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது. 1967-இல் எழுதிய ஒப்பந்தத்தின்படி சில வருமானங்களில் பாதி அவருக்கு. மற்ற மானேஜர்கள் பத்து அல்லது பதினைந்து விழுக்காடு வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. 1973-இல், அதுவரை எல்விஸ் பதிவு செய்த பாட்டுகளின் உரிமைத்தொகையை ஆர்.சி.ஏ. நிறுவனத்துக்கே 54 இலட்சம் டாலருக்கு விற்றுவிட்டார்கள். அந்தத் தொகையிலும் பாதி பார்க்கருக்கு. அந்த விற்பனையில், பயந்து நடுங்கிக்கொண்டே மேடை ஏறிப் பாடிய இந்த 1968-ஆம் ஆண்டுப் பாட்டுகளும் அடக்கம். அதன்பின் அவை எத்தனை விற்றாலும் பாடியவருக்கு உரிமைத்தொகை என்று சல்லிக்காசு கிடையாது.

1977 ஆகஸ்டு 16-ஆம் நாள், 42-ஆம் வயதில் எல்விஸ் இறந்தார். மகள் சிறுமி. அவருடைய சொத்தைக் காக்க 1980-இல் மெம்பிஸ் நீதிமன்றம் ஒரு வழக்கறிஞரை அமர்த்தியது. அவர் ஒப்பந்தங்களையெல்லாம் பிரித்துப் பார்த்து, பார்க்கர் எடுத்த பங்கு அளவுக்கு மீறியது என்று அறிக்கை கொடுத்தார். வழக்காடி, 1983-இல் உடன்பாடு ஏற்பட்டு, பார்க்கரின் தொடர்பு அறுந்தது. அப்போதுதான் இன்னொரு உண்மையும் எல்லாருக்கும் தெரியவந்தது. பார்க்கர் அமெரிக்கரே அல்லர்; ஒல்லாந்து நாட்டில் பிறந்து, முறையான தாள்கள் இல்லாமல் வந்து தங்கியவர். எல்விஸ் ஆசிய நாடுகளுக்கும் ஐரோப்பாவுக்கும் வந்து பாடாததற்கு, மானேஜரிடம் கடப்பிதழ் இல்லாததே காரணம் என்று பலரும் கருதுகிறார்கள்.

தையல் இயந்திரக் கடைத் தட்டை 1969-இல் எல்லாக் கடைகளுக்கும் மலிவு விலையில் விட்டார்கள். தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காகப் பதிவானவை, ஒப்பனை அறை ஒத்திகைகள் உட்பட, 2008-இல் நான்கு குறுந்தட்டுகள் கொண்ட தொகுதியாக வந்தன. கிடைத்தால், உட்கார்ந்து பாடும் பகுதியை முதலில் கேளுங்கள். கித்தார்ப் பெட்டியைத் தட்டும் ஓசை தெளிவாகவே கேட்கும்.